கல்யாணக் கோட்டுப் போட்ட விசா ஆபீசருக்கு

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. அதன் பின்னாலேயே பருப்புப்பொடி வாசனையும் வந்தது. உலகத்தில் இந்த இரண்டும் சேர்ந்து மணக்கிற துணி ஒன்றே ஒன்றுதான். உன் கல்யாணக் கோட்டு. நீ அதை ஊதா என்றாய். ஊரே அதைக் கத்தரிக்காய் கலர் என்றது. நான் உன் உயிர்ச் சிநேகிதன் என்பதால் எதுவும் சொல்லாமல் சிரிக்க மட்டும் செய்தேன்.

காலையில் உன் வீட்டுக்காரி செல்வி போன் பண்ணினாள். "அண்ணே, அவரு கோட்டு உங்ககிட்டதான கீது? எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்." எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ முதலில் முடிவைக் கேட்டுவிட்டு, அப்புறம் போனால் போகிறது என்று கதையைக் கேட்கிறவன். இப்போது உனக்கு வேறு வழியில்லை, நான் சொல்கிற வரிசையில்தான் கேட்டாக வேண்டும். போய்ச் சேர்ந்தவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் இதுதான். குறுக்கே பேச மாட்டார்கள்.

அந்தக் கோட்டை நீ முதன்முதலில் போட்டது உன் கல்யாண வரவேற்பில். நல்ல வைகாசி வெயில். கோட்டுக்குள் நீ அவிந்துகொண்டிருந்தாய். போட்டோவில் பார்த்தால் புகுந்த வீட்டுக்குப் போகப்போகும் பெண் நிம்மதியாக நிற்பாள், மாப்பிள்ளை நீ அழுதுவிட்டு வந்த மாதிரி நிற்பாய். அதற்குப் பிறகு கோட்டு பெட்டிக்குள் போனதுதான். மறுபடி வெளியே வந்தது, நிவேதா அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன வருஷம்.

உன் ஒரே பெண். சிவில் இஞ்சினீயரிங் முடித்துவிட்டு, நீர்வளத்தைப் பற்றி மேல்படிப்புப் படிக்க வேண்டும், அதுவும் அங்கே போய் என்று நின்றாள். செல்வியின் அண்ணன், அதாவது நிவேதாவின் தாய்மாமன், உடனே உன் ஊரான சாலவாக்கத்துக்கு வண்டியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "தண்ணிய பத்தி படிக்கறதுக்கு கடல் தாண்டி போவணுமா? நம்மூரு ஏரி இன்னாத்துக்கு கீது?" என்றார். நீ நிதானமாக வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏரி கீது மச்சான். தண்ணி எங்க கீது, படிக்கறதுக்கு?" என்றாய். அவர் அதற்குப் பதில் யோசிக்கப் போனார், நீ அந்த விசாரணையை என் கடைக்கு மாற்றிவிட்டாய்.

என் கடை என்றால் உத்திரமேரூர் கடைவீதியில் விதையும் உரமும் விற்கிற கடை. அது எப்படி வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம் ஆனது என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்கிறார்கள். காரணம் ரொம்ப எளிது. அங்கே வைஃபை இருந்தது. எனக்கு அமெரிக்காவைப் பற்றித் தெரிந்தது உனக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் தெரிந்த மாதிரி தலையாட்டுவதில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரன்.

யூரியா மூட்டைகளுக்கு நடுவே மூன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நிவேதா ஒவ்வொரு யுனிவர்சிட்டியாகச் சொல்லச் சொல்ல, நீ விதைநெல் விசாரிப்பது போலவே விசாரித்தாய்.

"இது எத்தினி மாசப் பயிரு?"

"ரெண்டு வருஷம் நைனா."

"மண்ணு எப்டி? நம்ம புள்ளைக்கு ஒத்துக்குமா? பூச்சி வுழுமா?"

"பனிதான் வுழும். முழங்கால் வரைக்கும்."

"அப்ப சரி. பூச்சி இருக்காது. இதையே போடு."

இப்படித்தான் நீர்வளத்தில் பேர்பெற்ற ஒரு யுனிவர்சிட்டியை, பூச்சி விழாத ஒரே காரணத்துக்காக நீ தேர்ந்தெடுத்தாய். அவளுக்கும் அதுதான் முதல் விருப்பம் என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். நீ கெட்டிக்காரத்தனத்தை முட்டாள்தனத்துக்குள் மடித்து வைக்கிறவன்.

இடம் கிடைத்துவிட்டது. அடுத்தது விசா இன்டர்வியூ. அதைப் பற்றி ஊரில் உலவிய கதைகளை நீ மறந்திருக்க மாட்டாய். ராஜகுளத்துப் பையன் ஒருவனைச் சிரித்ததற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னொருவனைச் சிரிக்காததற்காக அனுப்பிவிட்டார்களாம். இரண்டையும் எனக்குச் சொன்னது ஒரே ஆள்தான், அவர் சொன்னதை நான் இரண்டு பேருக்குக் கூட்டிச் சொன்னேன். விளைவு, நிவேதாவுக்கு சோறு இறங்கவில்லை. அன்றைக்குத்தான் நீ பரணிலிருந்து பெட்டியை இறக்கி, கோட்டை உதறிப் போட்டுக்கொண்டு, "வாடா, இன்டர்வியூ வெச்சிடலாம்" என்றாய்.

உன் வீட்டுத் தெருப்பக்க ஜன்னல்தான் தூதரகம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆபீசராக நீ. மேலே கோட்டு, கீழே லுங்கி. ஜன்னலுக்குக் கீழே நடப்பது அமெரிக்காவுக்குத் தெரியாது என்பது உன் வாதம். வெளியே தெருவில் ஃபைலைக் கட்டிப் பிடித்தபடி நிவேதா. நான் செக்யூரிட்டி. "நெக்ஸ்ட்!" என்று கத்துவது மட்டும் என் வேலை. அதையும் நான் சரியாகச் செய்யவில்லை என்று நீ குறைப்பட்டுக்கொண்டாய்.

செல்வி மட்டும் இந்த விளையாட்டுக்கு வரவே இல்லை. "கருமம், நடுத்தெருவுல நாடகம்" என்று சொல்லிவிட்டு, பெண்ணுக்குக் கொடுத்தனுப்பப் பருப்புப்பொடி அரைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாளே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜன்னலையும் ஃபைலையும் பார்த்ததும் எதிர்வீட்டு முனியம்மாக்கா பையை எடுத்துக்கொண்டு வந்து நிவேதாவுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"இன்னாடி குடுக்கறாங்க?"

"விசாக்கா."

"தலைக்கு எத்தினி? ரேஷன் கார்டு எட்தாரணுமா?"

நிவேதா சிரித்துச் சிரித்து ஃபைலைக் கீழே போட்டுவிட்டாள். நீ சிரிக்கவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எதுக்கும்மா அமெரிக்கா போற?" என்று கேட்டாய். முனியம்மாக்கா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அல்லாரும் போறாங்களே, அப்டி இன்னாதான் கீதுன்னு பாத்துட்டு வந்துர்றேன்." "விசா கிராண்டட்!" என்று நீ ஜன்னல் கட்டையில் ஓங்கிக் குத்தினாய். அந்தத் தெருவில் முதல் முயற்சியிலேயே விசா வாங்கியவர் முனியம்மாக்காதான். இன்றைக்கும் அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

உன் கேள்விகள் மூன்று. எதுக்கு இந்தப் படிப்பு? ஸ்பான்சர் யாரு? படிச்சு முடிச்சா திரும்பி வருவியா? முதல் கேள்விக்கு அவள் மதகு, மடை, ஏரி என்று இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். உனக்குப் பாதி புரியாது, ஆனால் புரியாததுக்கே மார்க் போடுவாய். ஸ்பான்சர் யாரு என்றால், "மை ஃபாதர், ஆபீசர்" என்பாள். அப்போது நீ கோட்டின் பொத்தானைப் போட முயல்வாய். வயிற்றுக்கும் பொத்தானுக்கும் இருபது வருஷத் தகராறு, அது ஒருநாளும் சேராது. மூன்றாவது கேள்விக்கு, இந்தியாவில் எனக்குக் குடும்பம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கண்டிப்பாக வருவேன் என்று யூடியூபில் பார்த்ததை ஒப்பிப்பாள்.

"இது மனப்பாடம். ரிஜக்டட். நாளைக்கு வா."

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ரிஜக்டட், நாளைக்கு வா. எனக்கே அலுத்துவிட்டது. "பேஜார் பண்ணாதடா, பாஸ் போட்டு வுடு" என்று செக்யூரிட்டி வேலையை விட்டுச் சிபாரிசுக்கு வந்தேன். நீ கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம். தெருவில் அன்றைக்கு யாரும் இல்லை, முனியம்மாக்காகூட இல்லை. மூன்றாவது கேள்விக்கு நிவேதா வாயைத் திறந்தாள். மனப்பாடம் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு உன்னை நேராகப் பார்த்து, "தெரில ஆபீசர்" என்றாள்.

நீ ரிஜக்டட் என்று சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனாய். மத்தியானத்திலிருந்து கரண்டே இல்லை. எந்த மோட்டாரை நிறுத்தப் போகிறான் இவன் என்று நானும் பின்னாலேயே வந்தேன். மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாய்.

"அப்பனா கேட்டா, வர்றேன் நைனான்னு பொய் சொல்லிடுவாடா. எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு. அதான் கோட்டு."

"சரி, இப்ப உண்மைய சொல்லிட்டா. இன்னா பண்ணப் போற?"

"இன்னா பண்றது? அனுப்பறதுதான்."

அவ்வளவுதான் நாம் பேசியது. உனக்கு அவள் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் உன் கையில் இருந்தது, அதைச் செய்தாய். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எதுவும் வரவில்லை. அது நடப்பது அபூர்வம் என்பதால் ஞாபகம் இருக்கிறது.

நிஜ இன்டர்வியூவுக்குச் சென்னைக்கு மூன்று பேரும் போனோம். அவள் உள்ளே போனாள். நாம் எதிர்ப்பக்க நடைபாதையில், ஃபைல் இல்லாமல் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற மற்ற அப்பா அம்மாக்களோடு நின்றோம். நீ அவர்களுக்கெல்லாம் சிரிக்கலாமா கூடாதா என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தாய். நிவேதா வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தினாள். "உங்க ஊரு ஏரி எவ்ளோ பெருசுன்னு கேட்டாரு நைனா. சொன்னேன். ஓகேன்னுட்டாரு."

"திரும்பி வருவியான்னு கேக்கல?"

"கேக்கல."

"இன்னா ஆபீசர்டா இவன்! முக்கியமானத கேக்காமயே வுட்டுட்டானே!" என்று நீ ரோட்டைப் பார்த்துக் கத்தினாய். விசா கிடைத்ததற்காகக் கோபப்பட்ட ஒரே தகப்பன் அன்றைக்கு நீதான். நாஷ்டா சாப்பிடும்போதுகூட அந்த ஆபீசரைத் திட்டிக்கொண்டே இரண்டு பொங்கல் சாப்பிட்டாய்.

அவள் கிளம்ப வேண்டியது ஆடி மாசத்தில். "ஆடில எவனாச்சும் நல்ல காரியத்துக்குக் கிளம்புவானா? அந்த யுனிவர்சிட்டிக்காரனுக்கு ஆடி தெரியாதா?" என்று தாய்மாமன் மறுபடி வந்தார். அதைச் சமாளித்தாய். பெட்டியின் எடையைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒரு பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. நான் கடைத் தராசில் போடலாம் என்றேன். "உன் தராச நம்பித்தான் ஊரே திட்டுது" என்று சொல்லிவிட்டு, நெல்லு மில்லுக்குக் கொண்டுபோனாய். மில்காரர் பெட்டியைத் தூக்கிப் பலகையில் வைத்து, கரெக்டாக இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டார். நீ பெருமையாக என்னைப் பார்த்தாய்.

ஏர்போர்ட்டில் அதே பெட்டி இரண்டு கிலோ கூட நின்றது. கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "எங்க மில்லுல போட்டோம்மா, தப்பு வராது" என்று நீ வாதாடிக்கொண்டிருக்க, நான் மில்காரருக்குப் போன் போட்டேன்.

"சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிச்சித்தாங்க சொன்னேன். எப்பவும் போல."

"யோவ், அது சாக்கு இல்லய்யா, சூட்கேசு!"

"எதுவா இருந்தா இன்னா சார். ஈரம் இருக்குமில்ல?"

நாம் இருவரும் பிறந்ததிலிருந்து நெல் மூட்டைக்கு அந்தக் கழிவைப் பார்த்து வளர்ந்தவர்கள். நமக்கு அது உறைக்கவே இல்லை பார். எதை எடுப்பது? புத்தகத்தை எடுக்க நிவேதா விடவில்லை. பருப்புப்பொடியை எடுக்கச் செல்வி விடவில்லை. அப்போது நீ உடம்பிலிருந்த கோட்டைக் கழற்றினாய். பெண்ணை அமெரிக்காவுக்கு அனுப்ப வெறும் சட்டையோடா வருவது என்று அன்றைக்கும் அதை மாட்டிக்கொண்டு வந்திருந்தாய் அல்லவா? அவள் தோளில் போட்டு, நான்கு பையிலும் பொடிப் பொட்டலங்களைத் திணித்தாய். உடம்பில் போட்டிருப்பதை எடை போட மாட்டார்களாம். நிவேதா சோளக்கொல்லை பொம்மை மாதிரி, கைவிரல் வெளியே தெரியாமல் உள்ளே நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நமக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் போனில் சொன்னாள், ஒரு பொட்டலம் உடைந்துவிட்டதாம், திரும்பினால் கொட்டிவிடும் என்று நேராகவே போய்விட்டாளாம்.

முதல் பனிக்கு அவள் அனுப்பிய போட்டோவை நீ டீக்கடையில் காட்டாத ஆள் இல்லை. முழங்கால் வரை பனி. கொழுத்த ஜாக்கெட். அதற்கு அடியில் கத்தரிக்காய் கலரில் ஒரு விளிம்பு.

அடுத்ததைப் பற்றி எனக்குச் சிரிப்பாக எதுவும் எழுத வராது, அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தை அறுப்பு முடிந்த ஒரு காலையில் மோட்டார் போடப் போனவன் நீ. அந்தக் கொட்டகை வாசலிலேயே சாய்ந்துவிட்டாய். நிவேதா வரும்வரை உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். பனியிலிருந்து போட்டிருந்ததோடு ஓடிவந்தவள், தெருமுனையில் காரைவிட்டு இறங்கியபோது உன் கோட்டுத்தான் அவள் உடம்பில் இருந்தது. முனியம்மாக்காதான் போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

காரியம் முடிந்தது. "நான் திரும்பிப் போகல சித்தப்பா. அம்மா ஒண்டியா கீறாங்க" என்றாள் நிவேதா என்னிடம். தாய்மாமன் அதைக் கேட்ட மாத்திரத்தில் கையில் மாப்பிள்ளை ஒருவனோடு வந்துவிட்டார். செல்வி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னும் சில நாள் போனால் அந்தப் பருவமே வீணாகிவிடும் என்று யுனிவர்சிட்டியிலிருந்து மெயில் வந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கோமாளித்தனம்.

உன் ஜன்னலுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். கோட்டைப் போட்டேன். உனக்குப் பொத்தான்தான் சேராது. எனக்குக் கையே நுழையவில்லை. பொன்னாடை மாதிரி தோளில் போர்த்திக்கொண்டு, தெருவில் நின்றிருந்தவளைப் பார்த்து, "நெக்ஸ்ட்!" என்று கத்தினேன்.

நிவேதா கோட்டைப் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆனால் ஜன்னலுக்கு வந்தாள்.

"எதுக்கு இந்தப் படிப்பு?"

மெல்ல ஆரம்பித்தாள். மதகு, மடை, கோடையில் வெடித்துக் கிடக்கிற ஏரி. பேசப் பேசக் குரல் ஏறியது. எனக்குப் பாதி புரியவில்லை. நீ இருந்தால் மார்க் போட்டிருப்பாய். நான் அந்த உற்சாகத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

"ஸ்பான்சர் யாரு?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவள் உதடு 'மை ஃபாதர்' என்று குவிந்து அப்படியே நின்றுவிட்டது. கோட்டுக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"நாந்தான்."

குரல் நிவேதாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒருநாளும் இந்த நாடகத்துக்கு வராத செல்வி, வீட்டுக்குள்ளிருந்து எப்போது வந்தாளோ, வரிசையில் பெண்ணுக்கு அடுத்து நின்றுகொண்டிருந்தாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஸ்பான்சரு நாந்தாங்க ஆபீசர். நெலத்த நான் பாத்துப்பேன், மோட்டாரும் போடுவேன். அவளக் கம்முனு அனுப்புங்க."

"அம்மா..."

"இன்னாடி அம்மா? உங்கப்பன் வயித்துப் பொத்தானையே போட முடியாம உன்ன அனுப்புனாரு. எனக்கு இன்னா கொற? போயி முடிச்சிட்டு வந்து பேசு."

நான் ஜன்னல் கட்டையில் குத்தினேன். உன்னைப் போலச் சத்தம் வரவில்லை. ஆனாலும் குத்தினேன். மூன்றாவது கேள்வியை அன்றைக்கு நான் கேட்கவில்லை.

போகும்போது கோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள் நிவேதா. "அடுத்த ஆபீசர் நீங்கதான சித்தப்பா?" அதன் பிறகு திருப்புலிவனத்திலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் இன்டர்வியூ பழக என் கடைக்கு வருகிறார்கள். நான் கோட்டைப் போர்த்திக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் உட்காருகிறேன். மூன்றாவது கேள்வியை மட்டும் கொஞ்சம் உரக்கவே கேட்பேன். கூட வந்த தகப்பன் கடைவாசலில் நின்று போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருப்பான். அவன் காதில் விழ வேண்டும் அல்லவா?

இப்போது முடிவைச் சொல்கிறேன். நிவேதா படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்குச் செல்வியை அழைத்திருக்கிறாள். ஆமாம், செல்விக்கும் இன்டர்வியூ நடந்தது. அதே சென்னை, அதே வரிசை. நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றேன், பக்கத்தில் உன் இடம் காலியாக இருந்தது. அவளிடம் ஆபீசர் தமிழிலேயே கேட்டாராம். என்ன கேட்டார் தெரியுமா? உன் பெண்ணிடம் ஆபீசர் கேட்கவில்லையே என்று நீ ரோட்டில் நின்று கத்தினாயே, அதே கேள்வி. போனால் திரும்பி வருவீர்களா?

உன் பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? "சொர்ணவாரிப் போகத்துக்கு நாத்து வுடணுங்க. வராம?"

உடனே கொடுத்துவிட்டார்கள். முனியம்மாக்காவுக்குப் பிறகு ஒத்திகையே பார்க்காமல் முதல் முயற்சியிலேயே விசா வாங்கியவள் உங்கள் தெருவில் செல்விதான்.

கோட்டை அவள் அமெரிக்காவுக்கு எடுத்துப் போகிறாள். விழாவில் தன் பக்கத்து நாற்காலியில் போட்டு வைப்பாளாம். வெளுக்கப் போடட்டுமா என்று கேட்டேன், வாசனை போய்விடும், வேண்டாம் என்றாள். நாளைக்குப் பெட்டியை மில்லில் எடை போடப் போகிறோம். எதையும் கழிக்கக் கூடாது என்று மில்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஈரம் இருக்குமே சார்" என்கிறார் இன்னும்.

ஆகவே கோட்டு இனி கொஞ்ச நாளைக்கு என்னிடம் இல்லை. கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிவேதா வீடியோவில் வருவாள். கத்தரிக்காய் விலை, முனியம்மாக்காவின் மூட்டுவலி, தாய்மாமன் கொண்டுவந்திருக்கிற புது மாப்பிள்ளை எல்லாம் பேசி முடித்த பிறகு, நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். அவளுக்குத் தெரிந்துவிடும். அவளும் நேராக உட்காருவாள்.

"திரும்பி வருவியா?"

அவள் சிரிப்பாள். ஜன்னல் பக்கம் பார்ப்பாள். "தெரில ஆபீசர்."

"ரிஜக்டட். அடுத்த வாரம் வா."

அடுத்த வாரமும் வந்துவிடுகிறாள்.